இஸ்திரி மேசையும் ஐந்து தந்திகளும்

அமெரிக்காவில் ரோனி ஸ்டோன்மன் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ஓர் இஸ்திரி மேசை. 'ஹீ ஹா' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் 1973 முதல் பல ஆண்டுகள் அவர் ஏற்ற ஐடா லீ நாகர் வேடம் அப்படி. நைந்த வீட்டு உடை, சோம்பேறிக் கணவன், குறையாத துணிக் குவியல், ஓயாத வாய்ச்சண்டை. நச்சரிப்பவள் என்று பெயரிலேயே எழுதி ஒட்டிவிட்டார்கள்.

நான் அவரைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டுவிட்டேன். மைக் சீகர் தொகுத்து, ஃபோக்வேஸ் நிறுவனம் 1957இல் வெளியிட்ட பாஞ்சோ இசைத்தட்டில் அவர் வாசித்திருக்கிறார். அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. மற்ற வாசிப்பாளர்கள் எல்லோரும் ஆண்கள். ஏர்ல் ஸ்க்ரக்ஸ் 1940களில் பரவலாக்கிய மூன்று விரல் முறை அது. விரல்களில் 'பிக்' மாட்டி, நடுவே மூச்சுவிடாமல் உருட்ட வேண்டும். கட்டைவிரல் திரும்பத் திரும்ப ஐந்தாவது குட்டைத் தந்திக்கு வர, அது சுருதிபோல் ஒலித்துக்கொண்டே இருக்கும். மெட்டு அந்த ஓட்டத்துக்குள்ளிருந்து தலைதூக்க வேண்டும். புளூகிராஸில் இது ஆண்மையின் வேகமாகவே பேசப்பட்டது. ரோனியின் வாசிப்பில் தயக்கத்தைத் தேடினேன். கிடைக்கவில்லை. இந்த முறையில் இசைத்தட்டுக்கு வாசித்த முதல் பெண் அவர் என்கிறார்கள். புளூகிராஸ் அமைப்பின் சிறந்த பாஞ்சோ கலைஞர் விருது ஒரு பெண்ணுக்கு, அலிசன் பிரவுனுக்கு, 1991இல்தான் கிடைத்தது.

அவருடைய அம்மா ஹாட்டியும் கலைஞர்தான். 1927இல் பிரிஸ்டலில் நடந்த புகழ்பெற்ற ஒலிப்பதிவுகளில் பிடில் வாசித்தவர். அவர் பெற்ற பிள்ளைகள் 23 பேர். இசை வரலாறு கணவர் எர்னஸ்டை முன்னோடி என்கிறது. ஹாட்டியைப் பற்றிப் பேச வந்தால் முதலில் அந்த எண்ணிக்கையைத்தான் சொல்கிறது (நானும் இப்போது அதைத்தானே செய்தேன்).

இங்கே எனக்கு எளிதாக ஒரு கோபம் வந்தது. மகளின் கையிலிருந்து பாஞ்சோவைப் பிடுங்கி இஸ்திரிப் பெட்டியைத் திணித்துவிட்டார்கள் என்று. தமிழில் இஸ்திரியும் ஸ்திரீயும் ஓசையில் ஒட்டிக்கிடப்பது வேறு உறுத்தியது. ஆனால் எல்லன் ரைட்டோடு சேர்ந்து 2007இல் அவர் வெளியிட்ட தன்வரலாற்றின் பெயர் 'பிரஸ்ஸிங் ஆன்'. துணி தேய்ப்பதற்கும், விடாமல் முன்னே போவதற்கும் ஆங்கிலத்தில் அந்த ஒரே சொல். அந்த மேசையை அவர் மறைக்கவில்லை, அட்டையிலேயே ஏற்றிவிட்டார். சம்பளம் தந்த வேடம் அது. பிள்ளைகளை வளர்க்க வேண்டியிருந்த பெண்ணுக்கு அது சிறிய விஷயமில்லை. சிரிக்கவைப்பதும் தாளக்கட்டு தெரிந்தவர் வேலைதான்.

ஆகவே என் கோபம் இடம் மாறியிருக்கிறது. அவர் ஐடா லீயாக நடித்ததில் எனக்குப் புகார் இல்லை. அதே நிகழ்ச்சியில் அவர் பாஞ்சோவும் வாசித்தார். பார்த்தவர்கள் நினைவில் வைத்துக்கொண்டது மேசையை மட்டும்.