செங்கோலும் அளவுகோலும்

ஆட்சியின் இயல்பை உரைக்கப் புகும் தமிழாசிரியர் முதலில் நாடுவது பொருட்பாலையே. செங்கோன்மை 55ஆம் அதிகாரம், கொடுங்கோன்மை 56, வெருவந்த செய்யாமை 57. இம்மூன்றையும் கொண்டு எவ்வாட்சியையும் எடை போட்டுவிடலாம் என்னும் எண்ணம் வகுப்பறையிலும் பிரிக்பீல்ட்ஸ் இலக்கியக் கூட்டங்களிலும் வேரூன்றியுள்ளது. ஆயின், மலேசியத் தமிழர் இரு தலைமுறைக்கு மேல் வாழ்ந்த ஆட்சி இவற்றுள் எதிலும் முழுமையாக அடங்கவில்லை.

1957இல் விடுதலை பெற்றது முதல் 2018 மே 9 வரை, முதலில் கூட்டணி என்றும் பின்னர்த் தேசிய முன்னணி என்றும் பெயர் பூண்ட ஓரணியே நாட்டை ஆண்டது. தேர்தல்கள் நடந்தன, எதிர்க்கட்சிகள் சில மாநிலங்களை வென்றதும் உண்டு. ஆதலின் அது மக்களாட்சியே என்பர் ஒரு சாரார். 1987 அக்டோபரில் நூற்றுக்கு மேற்பட்டோர் விசாரணையின்றிச் சிறைப்பட்டதைக் காட்டிக் கொடுங்கோல் என்பர் மற்றொரு சாரார்.

கிள்ளானில் 2008 மார்ச்சில் நிகழ்ந்ததை இவ்விரு சாராரும் எவ்வாறு விளக்குவர்? 2007 நவம்பர் 25 இண்ட்ராப் பேரணிக்குப் பின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பிடிபட்ட ஐவருள் ஒருவர் மனோகரன். கமுந்திங் தடுப்பு முகாமில் இருந்தவாறே கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியில் நின்று வென்றார். விசாரணையின்றி அடைத்த அரசே அவர் பெற்ற வாக்குகளை எண்ணி, வெற்றியையும் அறிவித்தது! வென்ற பின்னும் ஓராண்டுக்கு மேல் அவர் முகாமிலேயே இருந்தார். கொடுங்கோலனுக்கு வாக்கெண்ணும் வேலை இல்லை. செங்கோலனுக்குக் கமுந்திங் தேவையில்லை. இவ்வகை ஆட்சிக்கு லெவிட்ஸ்கி, வே என்னும் அறிஞர் இருவர் 2002இல் இட்ட பெயரைப் 'போட்டியுள்ள வல்லாட்சி' எனலாம். போட்டி மெய், களம் சாய்வு.

அச்சாய்வு எங்கே உள்ளது? அரசன் நெஞ்சில் தேடினால் அகப்படாது. தொகுதிகளின் வாக்காளர் தொகை சராசரியினின்று 15 விழுக்காட்டுக்கு மேல் வேறுபடலாகாது என்றது 1957 அரசியலமைப்பு. 1962 திருத்தம் நாட்டுப்புறத் தொகுதிகள் நகரத் தொகுதிகளில் பாதியளவாய் இருக்கலாம் என்றது. 1973 திருத்தம் அவ்வரம்பையும் நீக்கியது. நாட்டுப்புறத்தின் பெயரால் வந்த சலுகை இது. ஆனால், தோட்டங்கள் பரந்திருந்த காப்பார் 2013இல் சுமார் 144,000 வாக்காளரைச் சுமந்தது. அலுவலர் நகரான புத்ராஜெயாவுக்கு ஏறத்தாழ 16,000 பேர். காப்பார்த் தமிழர் ஒன்பதின்மர் சேர்ந்தால்தான் புத்ராஜெயாவில் ஒருவர்! அத்தேர்தலில் எதிரணி ஏறத்தாழ 51 விழுக்காடு வாக்குப் பெற்றும் 89 இடங்களே பெற்றது; 47 விழுக்காடு பெற்ற முன்னணிக்கு 133.

வள்ளுவரைக் குறைகூறுவதன்று இது. முடிமன்னர் காலத்து நூல் வாக்குச்சீட்டைப் பேசாது; அதனைப் பேசவைக்க முயலும் உரையாசிரியர் மீதே பிழை. உண்மையில் இவ்வாட்சிக்கு நெருங்கி வருவது, பலரும் எடுத்தாளாத 45ஆம் அதிகாரம், பெரியாரைத் துணைக்கோடல். இடித்துரைப்பாரின்றேல் அரசன் தானே கெடுவான் என்பது அதன் கருத்துகளுள் ஒன்று. 1984 அச்சகச் சட்டம் இடித்துரைப்பாரை ஒழிக்கவில்லை. ஆண்டுதோறும் உரிமத்தைப் புதுப்பிக்க வரச்செய்தது. 1987இல் மூன்று செய்தித்தாள்களின் உரிமம் நிறுத்தப்பட்டபின், ஏனைய ஆசிரியர்கள் தம் கையாலேயே தம் தலையங்கத்தைத் திருத்திக்கொள்ளக் கற்றனர். தண்டனை மூவர்க்கு, பாடம் அனைவர்க்கும். ஆண்டுப் புதுப்பிப்பு 2012இல்தான் நீங்கியது.

2018இல் முன்னணி தோற்றது. 'எல்லாம் நாடகம்' என்றவர் கூற்றும் அன்றே தோற்றது. மன்னன் மாறினால் கோல் நிமிரும் என்பது பழைய நூல்களின் நம்பிக்கை. 2022 தேர்தலில் சிலாங்கூரின் பாங்கி தொகுதி மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்காளருக்கு ஓர் உறுப்பினரை அனுப்பியது. சரவாக்கின் இகான், முப்பதாயிரத்துக்கும் குறைந்த வாக்காளருக்கு ஒருவரை அனுப்பியது.