முதல் பூச்சு

படகுக்கு அடித்த பெயின்ட் நல்லதா என்று அறிய நிறத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ரிவெட் தலைகளையும் தகடுகள் சேரும் விளிம்புகளையும் பார்த்தால் போதும். கூர்மையான விளிம்பில் பெயின்ட் இழுபட்டு மெலியும். அரிப்பு அங்கேதான் தொடங்கும். அதனால் கைதேர்ந்தவர் முதலில் சிறு தூரிகையால் ரிவெட், மூலை, ஒட்டுக்கோடு எல்லாவற்றுக்கும் ஒரு கை கொடுத்துவிட்டு, அதன் பிறகே ரோலரைத் தொடுவார்.

நுரைச்சோலைக் கரையில் இன்று கண்ணாடியிழைப் படகுகளின் ராச்சியம். அலுமினியம் அபூர்வம். ஆனால் இந்தக் கலையின் நுட்பம் முழுவதும் பழைய அலுமினியத்தில்தான் வெளிப்படும் என்பேன். மரம் பெயின்ட்டைக் குடிக்கும்; அலுமினியம் தள்ளிவிடும். காற்றுப் பட்ட கணமே அதன்மேல் சில நனோமீற்றர் தடிப்பில் ஒட்சைட்டுப் படலம் படிகிறது. உலோகத்தைக் காப்பதும் அதுதான், பெயின்ட்டைப் பிடிக்க விடாததும் அதுதான். பழைய பூச்சில் கொப்புளம் கண்ட இடத்தைச் சுரண்டினால் வெள்ளைத் தூள் உதிருமே, உப்புநீர் உள்ளே புகுந்து செய்த வேலை அது.

ஆகவே முதல் பூச்சான பிரைமருக்கு முன் சுத்தம். நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கை எடுத்த பிறகே தேய்க்க வேண்டும். முறை மாறினால் பிசுக்கு கீறல்களுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். இரும்புக் கம்பித் தூரிகை கூடவே கூடாது. அதன் துகள் உலோகத்தில் புதைந்து குழி பறிக்கும். தேய்த்த தகட்டில் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது எனக்குப் பிடித்த சோதனை: முத்து முத்தாகத் திரண்டால் பிசுக்கு மிச்சம்; ஒரே விரிப்பாக வழிந்தால் தகடு தயார்.

அதன் பிறகுதான் பிரைமர் தேர்வு. பொஸ்பரிக் அமிலம் கலந்த எட்ச் பிரைமர் உலோகத்தைக் கடித்துப் பிடிக்கும். உலோகம் மெல்லத் தெரியும்படி பூசுவதுதான் அதற்கு அழகு; தடிப்பாக்கினால் பலம் போய்விடும். அதன்மேல் எந்த எபொக்சியும் ஏறும் என்று நம்பிவிடக் கூடாது, டின்னில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். நீரிலேயே கிடக்கும் படகுக்கு நான் எபொக்சி பிரைமரையே சொல்வேன், தேய்த்த அன்றே, நேரடியாக. இரண்டாம் உலகப் போர்க்கால விமானங்களில் மஞ்சட்பச்சையாக ஒளிர்ந்த துத்தநாகக் குரோமேற்று அருமையான காவல்தான். ஆனால் புற்றுநோய் தரும் குரோமியம் அதில் உண்டு, வேண்டாம்.

நுரைச்சோலைக்கு இரண்டு தண்ணீர். மேற்கே கடல், மணலில் இழுத்தேற்றும் படகுகள். அங்கே அடிப்பகுதிக்குத் தேவை உரசலைத் தாங்கும் கடினமான எபொக்சி. கிழக்கே புத்தளம் களப்பு. கரையோரம் உப்பளங்கள் நடக்கும் அளவுக்கு உப்பு. அங்கே கட்டிக் கிடக்கும் படகில் கொட்டலசு ஒட்டும். அதைத் தடுக்கச் செம்பு ஒட்சைட்டுப் பெயின்ட்டை அலுமினியத்தில் பூசினால், உப்புநீரில் செம்பும் அலுமினியமும் சேர்ந்து மின்கலமாகி, தேய்வது படகாகவே இருக்கும். அலுமினியத்துக்கென்றே செய்த, அந்தச் செம்பு ஒட்சைட்டு இல்லாத வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் ஈரப் பூச்சில் மணல் வந்து உட்காரும். மற்ற மாதங்களிலும் பனி உலர்ந்த பின், கடற்காற்று எழும் முன் உள்ள காலைப்பொழுதே பூசும் நேரம். நிறம் அவரவர் விருப்பம். வெளிர்நிறம் சூட்டைக் குறைக்கும். பின்புறம் பூட்டிய துத்தநாகத் துண்டில் மட்டும் ஒரு துளியும் படக் கூடாது: அது கரைந்தால்தான் தகடு கரையாது.