தொடக்கநிலையாளரின் லினக்ஸ்: உபுண்டு பற்றிய ஒரு விமர்சனம்

வேலைக்காக அல்லாமல் சொந்த ஆர்வத்தால் லினக்ஸுக்கு மாற நினைக்கும் ஒருவர், எந்த வழங்கலில் தொடங்கலாம் என்று கேட்டால் இருபது ஆண்டுகளாகப் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: உபுண்டு. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 வசதி இல்லாத பழைய மடிக்கணினியை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி இப்போது அவசரமாகியிருக்கிறது. கேள்வியின் சூழல் மாறிவிட்டது, பதில் மட்டும் மாறவில்லை. அந்தப் பதில் இன்றும் பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

முதலில் உபுண்டுவுக்கு உரியதைக் கொடுத்துவிட வேண்டும். லினக்ஸ் என்பது இயங்குதளத்தின் கருனி மட்டுமே. அதனோடு டெஸ்க்டாப், செயலிகள், நிறுவும் கருவி எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டித் தருவது வழங்கல். 1993இல் தொடங்கிய டெபியன் உறுதியான வழங்கல் என்றாலும், அதை நிறுவுவது புதியவரை மிரட்டும் வேலையாக இருந்தது. மார்க் ஷட்டில்வொர்த்தின் கனோனிக்கல் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு 2004 அக்டோபரில் உபுண்டுவின் முதல் பதிப்பான 4.10ஐ வெளியிட்டது. ஒரே குறுந்தகடு, ஒரு வேலைக்கு ஒரு செயலி, ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு. 2006இல் வந்த 6.06 பதிப்பில் கணினியை நேரடியாகக் குறுந்தகட்டிலிருந்தே இயக்கிப் பார்த்து, பிடித்திருந்தால் அங்கிருந்தே நிறுவிக்கொள்ள முடிந்தது. வன்தட்டைத் தொடாமல் சோதித்துப் பார்க்கலாம் என்ற இந்த ஒரு வசதி எத்தனையோ பேரின் பயத்தைப் போக்கியது. கேட்டவர்களுக்கெல்லாம் குறுந்தகட்டைக் கட்டணமின்றி அஞ்சலில் அனுப்பும் திட்டமும் 2011 வரை நடந்தது. 700 மெகாபைட்டைத் தரவிறக்குவதே பெரும்பாடாக இருந்த ஊர்களில் அந்த உறையின் மதிப்பு என்னவென்று இன்றைய மாணவருக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம்.

ஆகவே நிறுவல் என்ற வாசற்படியை உபுண்டு உண்மையாகவே தாழ்த்தியது. சிக்கல் வாசற்படியைத் தாண்டிய பிறகு வருகிறது.

தொடக்கநிலையாளருக்கு எது தேவை என்பதில்தான் பரிந்துரைப்பவர்கள் தவறுகிறார்கள் என்பது என் கருத்து. எளிமை தேவை என்று சொல்கிறார்கள். எளிமையைவிட நிலைத்தன்மையே அவருக்கு முதலில் தேவை. ஆர்வத்தால் கற்பவருக்கு ஆசிரியர் இல்லை, பாடத்திட்டம் இல்லை. நேற்றுக் கற்றது இன்றும் செல்லும் என்ற நம்பிக்கை மட்டுமே அவருக்குத் துணை. தட்டச்சுப் பயிலகத்தில் பாதி கற்ற நிலையில் எழுத்துகளின் இடத்தை மாற்றி வைத்தால் புதிதாகச் சேர்ந்தவர் ஓடிவிடுவார். தேர்ந்தவர் திட்டிக்கொண்டே பழகிக்கொள்வார்.

உபுண்டு எழுத்துகளின் இடத்தைத் திரும்பத் திரும்ப மாற்றியது. 2010இல் 10.04 பதிப்பில் சாளரத்தின் மூடு பொத்தான்கள் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்குப் போயின. 2011இல் 11.04 பதிப்பில் பழைய பட்டிகள் போய் யூனிட்டி வந்தது. 2012இல் 12.10 பதிப்பில், சொந்தக் கணினியில் கோப்பைத் தேடினால் அமேசான் பொருள்களும் சேர்ந்து வந்தன. பயனர் தட்டும் தேடல் சொற்கள் வெளியே போகின்றன என்பதால் ரிச்சர்ட் ஸ்டால்மன் இதை உளவு மென்பொருள் என்றே கண்டித்தார். 16.04 பதிப்பில்தான் அந்த வசதி இயல்பாக அணைத்து வைக்கப்பட்டது. 2017இல் யூனிட்டியையே கைவிட்டு 17.10 பதிப்பில் க்னோமுக்குத் திரும்பினார்கள். மூடு பொத்தான்களும் வலப்பக்கம் திரும்பின. மென்பொருள் நிறுவும் கடையும் இதே கதைதான்: 9.10இல் ஒன்று, 16.04இல் வேறொன்று, 20.04இல் மூன்றாவது, 23.10இல் நான்காவது.

யூனிட்டி மோசமான வடிவமைப்பு அல்ல. சிறிய திரைகளில் இடத்தை மிச்சப்படுத்தியது, விசைப்பலகையால் வேகமாக வேலை செய்யவும் உதவியது. குறை அதன் தரத்தில் இல்லை. ஆறு ஆண்டுகள் மக்களைப் பழக்கிவிட்டு அதை எடுத்துவிட்டதில் இருக்கிறது. நீண்டகால ஆதரவுப் பதிப்பில் தங்கிவிட்டால் இந்த அலைச்சல் இல்லை என்பார்கள். 10.04, 12.04, 18.04 மூன்றுமே நீண்டகால ஆதரவுப் பதிப்புகள். மூன்றின் முகமும் வேறு.

இதன் சுமை தமிழில் கற்பவர் மேல் கூடுதலாக விழுகிறது. ஆங்கிலத்தில் ஒரு வழிகாட்டி காலாவதியானால் அடுத்த வாரமே இன்னொருவர் புதிதாக எழுதிவிடுவார். தமிழில் எழுதுவோர் சிலரே, அதுவும் ஓய்வு நேரத்தில். திரைப்படங்களோடு உழைத்துத் தயாரித்த ஒரு தமிழ்க் கையேடு இரண்டு பதிப்புகளுக்குள் பழங்கதையாகிவிடுகிறது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. புதியவர் பார்த்து அஞ்சுவது முனையத்தை. கறுப்புத் திரையில் கட்டளை தட்டுவது நிபுணர் வேலை என்று நினைக்கிறார். ஆனால் இந்த இருபது ஆண்டுகளில் மாறாமல் இருந்தது முனையம்தான். கோப்புகளைப் பட்டியலிடுவது, நகலெடுப்பது, அடைவு மாற்றுவது ஆகிய கட்டளைகள் உபுண்டுவைவிட மூத்தவை. 2004இல் கற்ற ‘சூடோ ஆப்ட்-கெட் இன்ஸ்டால்’ இன்றும் அப்படியே ஏற்கப்படுகிறது. எளியது என்று கொடுத்த திரைமுகம் நாலு வேடம் போட, கடினம் என்று ஒதுக்கிய முனையம் ஒரே முகத்தோடு நின்றது.

அதனால்தான் ஸ்னாப் விவகாரம் எனக்கு யூனிட்டியைவிடப் பெரிய குறையாகப் படுகிறது. ஸ்னாப் என்பது ஒரு செயலியை அதற்குத் தேவையான துணைநூலகங்களோடு ஒரே மூட்டையாகக் கட்டித் தரும் முறை. ஒரே மூட்டை எல்லாப் பதிப்புகளிலும் ஓடும் என்பதால், ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனியாகப் பொதி கட்டும் உழைப்பு குறைகிறது. இது நியாயமான காரணமே. ஆனால் 20.04 பதிப்பில் குரோமியம் உலாவியையும் 22.04இல் பயர்பாக்ஸையும் ஆப்ட் வழியாக நிறுவச் சொன்னால், வழக்கமான டெப் பொதிக்குப் பதிலாக ஸ்னாப் மூட்டை வந்து இறங்கியது. பயனர் தட்டியது ஒரு கட்டளை, நடந்தது வேறு. முகம் மாறினால் கண்ணால் பார்த்துப் பிடிபட்டுவிடும். கட்டளையின் பொருள் மாறினால், இப்போதுதான் கற்கத் தொடங்கியவருக்குத் தெரியவே தெரியாது. உலாவி முதல்முறை திறக்கத் தாமதமாவதையோ சில நீட்சிகள் வேலை செய்யாமல் போவதையோ பார்த்து, ‘லினக்ஸ் என்றால் இப்படித்தான்’ என்ற முடிவுக்கு அவர் வந்துவிடுவார்.

ஸ்னாப் கடையின் வழங்கிப் பகுதி திறமூலமாக இல்லை என்பதும் கவனிக்கத்தக்கது. உபுண்டுவையே அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ் மின்ட், 2020இல் தன் 20ஆம் பதிப்பில் ஆப்ட் வழியாக ஸ்னாப் தானே நுழைவதைத் தடுத்தது. மொசில்லா 2024 தொடக்கத்தில் பயர்பாக்ஸுக்குத் தானே டெப் பொதிக் களஞ்சியம் திறந்தது.

ஏன் இப்படி ஆனது? உபுண்டுவின் வழுப்பட்டியலில் முதல் வழுவாக 2004இல் ஷட்டில்வொர்த் பதிவு செய்தது, கணினிச் சந்தையில் மைக்ரோசாஃப்டின் பெரும்பான்மையை. 2013இல் அவரே அதை மூடினார். டெஸ்க்டாப்பில் உபுண்டு வென்றுவிட்டதால் அல்ல, கைப்பேசிகளும் பலகைக் கணினிகளும் வந்து கணக்கையே மாற்றிவிட்டதால். பின்பு கைப்பேசிக்கான உபுண்டுவும் 2017இல் கைவிடப்பட்டு, நிறுவனம் மேகக்கணிமை, வழங்கிகள் பக்கம் சாய்ந்தது. நிறுவனம் பிழைக்க வேண்டும், அதில் குற்றமில்லை. ஆனால் வீட்டில் உட்கார்ந்து கற்கும் புதியவர் இப்போது அதன் கவனத்தின் நடுவில் இல்லை என்பதைப் பரிந்துரைப்பவர்கள் கணக்கில் எடுக்க வேண்டும்.

இன்று ஒருவர் கேட்டால் லினக்ஸ் மின்டின் சின்னமன் பதிப்பையே சொல்வேன். கீழே பட்டை, இடப்பக்க மூலையில் பட்டி என்ற அமைப்பைப் பல ஆண்டுகளாக அது கலைக்கவில்லை. உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பின் மேல் நிற்பதால் உபுண்டுவுக்கான முனையக் குறிப்புகள் பெரும்பாலும் இங்கும் செல்லும். மிகப் புதிய மடிக்கணினி என்றால் வன்பொருள் ஆதரவு சற்றுத் தாமதமாகலாம். பழைய கணினிக்கு அந்தக் கவலை இல்லை. வழங்கி நிர்வாகத்தைத் தொழிலாகக் கொள்ள நினைப்பவருக்கு உபுண்டு இன்னும் நல்ல தேர்வே.

எதை எடுத்தாலும் பென்டிரைவிலிருந்து இயக்கிப் பார்க்கும் நிலையிலேயே வைஃபை, ஒலி, அச்சுப்பொறி மூன்றையும் சோதிக்க வேண்டும். தமிழ்த் தட்டச்சையும் அப்போதே பார்த்துவிடலாம். இங்கே ஒரு குழி உண்டு. விசைப்பலகைப் பட்டியலில் ‘தமிழ்நெட் 99’ என்று ஒன்று முதலிலேயே இருக்கும். அது வெறும் விசை வரைபடம். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குத் தானாகப் புள்ளி வைக்கும் தமிழ்99 விதி அதில் நடக்காது. ‘ஐபஸ்-எம்17என்’ பொதியை நிறுவி, வெளியேறி மீண்டும் உள்நுழைந்து, அதிலுள்ள தமிழ்99ஐச் சேர்த்துக்கொண்டால் ‘பக்கம்’ என்ற சொல்லின் நடுவிலுள்ள ‘க்க’ புள்ளிக்குத் தனி விசை தேடாமல் ஒழுங்காக விழும். பென்டிரைவிலிருந்து இயக்கும்போது இதைச் செய்வது சற்றுச் சுற்றுவழிதான். வன்தட்டை அழித்த பிறகு தெரிந்துகொள்வதைவிட அது தேவலை.