பல மைய மருத்துவ ஆய்வுகளில் வாழ்காலப் பகுப்பாய்வு

பல மருத்துவமனைகளில் ஒருங்கே நடைபெறும் புற்றுநோய் மருந்தாய்வுகளில், நோயாளிக்குச் சிகிச்சைக் குழு ஒதுக்கப்பட்ட நாள் முதல் மரணம் நேரும் வரையிலான காலம் பலவற்றில் முதன்மை அளவாகக் கொள்ளப்படுகிறது. ஆய்வு முடியும்போது உயிரோடிருப்பவர்களின் வாழ்காலம் முழுமையாகத் தெரியாமல் இடையில் அறுபட்டு நிற்பதால், சாதாரணச் சராசரி இங்கே உதவாது. இக்குறைத்தரவையும் வீணாக்காமல் இடர் வீதத்தை, அதாவது ஒரு கணம் வரை உயிரோடிருப்பவர் அக்கணத்தில் இறக்கும் வேகத்தை, குழுக்களுக்கிடையே ஒப்பிட டேவிட் காக்ஸ் 1972இல் அளித்த மாதிரி இன்றும் இத்துறையின் முதுகெலும்பாக விளங்குகிறது. ஆனால், ஒரு நோயாளியின் முடிவு மற்றவருடையதைச் சாராது என்னும் அதன் எடுகோள் பல மைய ஆய்வுகளில் பொய்த்துப்போகிறது. ஒரே மருத்துவமனையில் சேர்ந்தோர் அங்குள்ள அறுவைத் திறனையும் பராமரிப்பையும் வட்டாரத்தின் வறுமையையும் பகிர்ந்துகொள்கிறார்கள்.

மைய வேறுபாட்டைக் கருதாமலே விடுவது எளிது. சமவாய்ப்பு ஒதுக்கீடு இருக்கும்போது அதனால் தீங்கில்லை என்று எண்ணுவோரும் உண்டு. எனினும் இடர் விகிதத்தின், அதாவது இரு குழுக்களின் இடர் வீதங்களுக்கிடையிலான விகிதத்தின், இயல்பு அதற்கு இடங்கொடுப்பதில்லை, ஏனெனில் மையங்களுக்கிடையே வேறுபாடு மிகுந்திருந்தால், ஒதுக்கீடு பழுதின்றி நடந்திருந்தாலும், மருந்தின் பயன் உள்ளதைவிடக் குறைவாக மதிப்பிடப்படும்.

ஒவ்வொரு மையத்தையும் தனிப் படுகையாகப் பிரித்து, நோயாளிகளை அம்மையத்திற்குள்ளேயே ஒப்பிடும் படுகை முறை நேர்மையானது. மையங்கள் எவ்வாறு வேறுபடுகின்றன என்பது பற்றி அது எதையும் முன்கூட்டி ஊகிப்பதில்லை. அதன் குறையும் அங்கிருந்தே பிறக்கிறது. மரணம் நேரும் கணத்தில் அம்மையத்தில் எஞ்சியிருப்போர் அனைவரும் ஒரே சிகிச்சைக் குழுவினராக இருந்தால் அம்மரணம் கணக்கில் எதையும் சேர்ப்பதில்லை. ஆகவே மையத்துக்கு இரண்டு மூன்று பேரே உள்ள ஆய்வில், ஆய்வுக்குத் தம்மை ஒப்படைத்த நோயாளிகள் பலருடைய தகவல் பயனின்றிக் கழிகிறது. இது கணிதக் குறை மட்டுமன்று, அறக்குறையும் ஆகும்.

இவ்விழப்பைத் தவிர்ப்பதே நலிவு மாதிரியின் வலிமை. கண்ணுக்குத் தெரியாத மையக் காரணிகளை, இடர் வீதத்தைப் பெருக்கும் ஒரு சமவாய்ப்பு எண்ணாக அது கொள்கிறது. அவ்வெண்கள் பெரும்பாலும் காமா பரவலைப் பின்பற்றுவதாகக் கருதப்படுவதால், சிறு மையங்களும் பிற மையங்களிலிருந்து வலுப்பெறுகின்றன, மையங்கள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதும் அளவாகக் கிடைக்கிறது. ஆயினும் காமா பரவல் பெரிதும் கணக்கின் வசதிக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டதே. ஐந்தாறு மையங்களே இருந்தால் மையங்களுக்கிடையிலான வேறுபாட்டை நம்பகமாக மதிப்பிட இயலாது. இம்மாதிரி தரும் இடர் விகிதம் ஒரே மையத்து நோயாளிகளை ஒப்பிடுவது, முழு மக்கள்தொகையின் சராசரியன்று. அறிக்கைகள் இதைத் தெளிவாக்காவிட்டால் மருத்துவர் தவறாகப் படிக்க நேரிடும். மருந்தின் பயனே மையத்துக்கு மையம் மாறும் நிலையையும் எளிய நலிவு மாதிரி காட்டாது.

மையங்கள் சிலவாகவும் ஒவ்வொன்றும் பெரியதாகவும் இருக்குமிடத்தில் படுகை முறையே போதுமானது. சிறு மையங்கள் பல கூடிய ஆய்வில் நலிவு மாதிரியே மேலானது. எதைக் கையாள்வது என்பதை முடிவுகளைக் கண்டபின் தேர்வது ஏற்கத்தக்கதன்று. முதல் நோயாளி சேர்க்கப்படும் முன்பே அது ஆய்வுத் திட்டத்தில் எழுதப்பட வேண்டும்.