கூரையை எடுத்த பிறகு

மாற்றியமைத்த கன்வர்ட்டிபிள் ஒன்றைப் புதிதாக வாங்கியவரிடம் கார் எப்படி என்று கேட்டால், முதலில் வருவது வேகத்தின் கதைதான். மிதித்ததும் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது, இரண்டாவது கியரிலேயே பின்சக்கரம் வழுக்கியது, பக்கத்தில் இருந்தவர் கத்திவிட்டார். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்தக் காரைப் பற்றி இதைவிடக் குறைவாகச் சொல்லும் செய்தியும் இல்லை. எஞ்சினின் சக்தியைக் கூட்டுவது இந்தத் தொழிலில் ஆக எளிய வேலை. காசு கொடுத்தால் அது பெட்டியில் அடைத்து வீட்டுக்கே வந்துவிடும். கூட்டிய சக்தியை, கூரையே இல்லாத ஓர் உடம்பு தன் பழைய குணம் கெடாமல் தாங்கிக்கொள்ளும்படி செய்வதுதான் கைவினை. அது முழு வேகத்தில் கண்ணுக்குத் தெரியாது. சுமாரான சாலையில், நிதானமான ஓட்டத்தில், ஆக்சிலரேட்டரைப் பாதி மட்டும் மிதித்திருக்கும்போது தெரியும். மாற்றியமைத்த காரை ரசிக்க வேண்டிய இடம் அதுதான் என்பது என் கட்சி.

இதைச் சோதித்துப் பார்க்க முதல் தலைமுறை மாஸ்டா எம்.எக்ஸ்-5ஐவிடப் பொருத்தமான வண்டி கிடைக்காது. 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகமாகி, அமெரிக்காவில் மியாட்டா என்ற பெயரில் விற்றது. தோஷிஹிகோ ஹிராய் தலைமையில் உருவான இரண்டு சீட்டு வண்டி. 1.6 லிட்டர் எஞ்சின், அமெரிக்கக் கணக்கில் 116 குதிரைத்திறன், ஒரு டன்னுக்கும் குறைந்த எடை. நான்கு சக்கரங்களுக்கும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன். கியர்பாக்ஸையும் பின்பக்க டிஃபரன்ஷியலையும் நீளமான ஓர் அலுமினியச் சட்டம் பிணைத்திருப்பதால், காலின் அசைவுக்கும் பின்சக்கரத்தின் பதிலுக்கும் இடையே தொய்வு இல்லை. இவ்வளவு நல்ல உடம்புக்கு 116 போதாது என்று முதல் நாளிலிருந்தே பலருக்குத் தோன்றியதில் வியப்பில்லை. அதற்கு வழியையும் மாஸ்டாவே விட்டுவைத்திருந்தது. இதே குடும்பத்து எஞ்சின் முன்பே 323 காரில் டர்போவோடு ஓடியது. ஆகவே உள்ளே கையிருப்பாக நிறைய வலு இருந்தது. எஞ்சினைப் பிரிக்காமலே, வெளியிலிருந்து ஒரு டர்போவைப் பூட்டி 200 குதிரைத்திறன் பக்கம் போய்விடலாம். அத்தனை சுலபம் என்பதுதான் ஆபத்து.

கார் உடம்பு அடிப்படையில் ஒரு மூடிய பெட்டி. தரையும் தூண்களும் கூரையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால்தான் முறுக்குக்கு ஈடுகொடுத்து நிற்கும். கூரையை எடுத்துவிட்டால் அந்தப் பொறுப்பு முழுவதும் தரைத்தகட்டின் மீதும், கதவுக்குக் கீழே ஓடும் இரண்டு விளிம்புச் சட்டங்களின் மீதும் விழுகிறது. இதை மறந்துவிட்டு, சக்தி கூடிவிட்டதே என்று கடினமான ஸ்பிரிங்கையும் நன்றாகப் பற்றும் டயரையும் மாட்டுகிறார்கள். டயர் பற்றப் பற்ற உடம்புக்குள் ஏறும் விசையும் கூடும். ஸ்பிரிங் இறுகினால் வளைய வேண்டிய அது வளையாது, உடம்பு வளையும். அதாவது காரின் உடம்பே ஐந்தாவது ஸ்பிரிங் ஆகிவிடுகிறது. சக்கரத்தின் ஸ்பிரிங்குக்காவது ஆட்டத்தை அடக்க ஷாக் அப்சார்பர் இருக்கிறது. இந்த ஐந்தாவதை அடக்க எதுவும் இல்லை. போதாக்குறைக்கு, பார்வைக்காக வண்டியைத் தாழ்த்தியும் விடுவார்கள். எம்.எக்ஸ்-5இல் சஸ்பென்ஷன் மேலும் கீழும் போக இருக்கும் இடமே கொஞ்சம். தாழ்த்தினால் சின்னப் பள்ளத்துக்கெல்லாம் முனையிலுள்ள ரப்பர் தடுப்பில் போய் முட்டும். காட்சிக்கூடத்தில் இந்தக் கார் அழகாகத்தான் நிற்கும். நல்ல கை வேறு வரிசையில் வேலை செய்யும். முதலில் தரைக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் இரண்டு சட்டங்கள். மெல்லிய தகட்டால் ஆனவை, கவனக்குறைவாக ஜாக்கி வைத்தாலே நசுங்கிப்போகிறவை. அவற்றின் மேல் தடித்த எஃகுச் சட்டத்தைப் போர்த்தி, நடுவிலுள்ள சுரங்கப் பகுதியோடு குறுக்குக் கம்பிகளால் கட்டுவார்கள். அதன் பிறகுதான் ஸ்பிரிங்; அதுவும் மிதமானதாக, ஷாக் அப்சார்பருக்கு அதிகம் செலவழித்து. 1994இல் எஞ்சினை 1.8 லிட்டராக்கியபோது மாஸ்டாவும் அப்படித்தான் செய்தது: உடம்புக்குக் கூடுதல் பிணைப்புச் சட்டங்களைப் போட்டது, அற்பமாக இருந்த டிஃபரன்ஷியலைப் பெரிதாக்கியது. கூடிய சக்தியோ பத்துப் பன்னிரண்டு குதிரைத்திறன்தான்.

புது உரிமையாளர் இதையெல்லாம் தெரிந்துகொள்ள கண்ணாடியைப் பார்த்தால் போதும். மணிக்கு 50 கிலோமீட்டரில், ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கி ஏறும் சாலையில், நடுவிலுள்ள பின்பார்வைக் கண்ணாடியில் வரும் வண்டியின் உருவம் கலங்குகிறதா, நிற்கிறதா? முன்கண்ணாடியின் சட்டமும் டேஷ்போர்டும் ஒன்றாக அசைகின்றனவா, அல்லது ஆளுக்கு ஒரு திசையில் நடுங்குகின்றனவா? ஸ்டீரிங்கில் கைக்கு வரும் செய்தி சாலையைப் பற்றியதா, உடம்பின் நடுக்கத்தைப் பற்றியதா? கூரையுள்ள காரில் இந்தக் குறைகளைப் பாதிக்குமேல் மறைத்துவிடலாம். கன்வர்ட்டிபிளில் முடியாது. மாற்றியமைத்தவரின் கைச்சுத்தத்தைக் காட்டிக்கொடுக்க இதைவிட நேர்மையான உடம்பு இல்லை என்று நான் சொல்வது அதனால்தான்.

எஞ்சின் விஷயத்தில் காதையும் துணைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். திறந்த காரில் சைலன்சரின் குரலும் டர்போவின் சீழ்க்கையும் நேராகக் காதுக்கு வரும். ஆனால் எல்லா வேகத்திலும் அல்ல. மணிக்கு நூறு, நூற்றிருபதைத் தாண்டினால் காற்றின் இரைச்சல் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. ஆக இந்தக் கார் பேசும் எல்லை நாற்பதுக்கும் நூறுக்கும் நடுவில்தான் இருக்கிறது. சக்தியும் அங்கே வேலை செய்தால்தான் அர்த்தம். பெரிய டர்போ பெரிய எண்ணைத் தரும்; ஆனால் சுழன்று எழ நேரம் எடுக்கும். மிதித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பிறகு எல்லாம் ஒரே அடியாக வரும். முதுகில் அறைந்தது என்று புது உரிமையாளர் பூரிப்பது பல சமயம் இந்தத் தாமதத்தைத்தான். சின்ன டர்போ உச்ச எண்ணில் தோற்கும். ஆனால் வளைவின் நடுவில் கால் கேட்ட அளவு, கேட்ட கணத்தில் கொடுக்கும். இதற்குமேல், எஞ்சினின் கம்ப்யூட்டரை ஓட்டத்துக்கேற்ப ஒத்திசைக்கும் வேலை இருக்கிறது. டைனோவில் வண்டியை ஏற்றி முழுச் சக்தியை அளந்து சீட்டு அடித்துக் கொடுப்பது அரைநாள் சமாச்சாரம். குளிர்ந்த காலையில் ஒரே திருகலில் கிளம்புவதும், சிக்னலில் நிற்கும்போது முக்காமல் இருப்பதும், பாதி மிதியில் விக்கல் இல்லாமல் போவதும் வாரக்கணக்கான பொறுமையைக் கேட்கும். வேலை செய்தவரைப் பற்றி டைனோ சீட்டைவிட அந்தக் காலைக் கிளப்பல் அதிகம் சொல்லும். எம்.எக்ஸ்-5க்கே உரிய நுட்பம் ஒன்றும் உண்டு. குறுக்குவாட்டில் பொருத்துவதற்காக வடிவமைத்த எஞ்சினை நெடுக்குவாட்டில் திருப்பி வைத்ததால், குளிர்நீர் நுழைவதும் வெளியேறுவதும் முன்பக்கமே ஆயின. கடைசி சிலிண்டர் மற்றவற்றைவிடச் சூடாக ஓடும். சாதாரண வண்டிக்கு அது பொருட்டில்லை. டர்போ பூட்டினால் பொருட்டு. நீரைப் பின்பக்கமாக வெளியேற்றும்படி குழாயை மாற்றுவதை மெக்கானிக்குகள் கூலன்ட் ரீரூட் என்கிறார்கள். ஓட்டும்போது அதனால் ஒரு வித்தியாசமும் தெரியாது. தெரியாத இடத்தில் செய்த வேலை என்பதால்தான் அதை நான் முதலில் தேடுவேன்.

காரை மாற்றியமைப்பதற்கே வரும் முதல் மறுப்பு பழையது, வலுவானதும் கூட. நூற்றுக்கணக்கான பொறியாளர்கள் ஆண்டுக்கணக்கில் யோசித்துச் செய்த காரைத் தெருமுனைப் பட்டறை திருத்துவதா? ஆனால் அந்தப் பொறியாளர்கள் உங்களை மட்டும் மனதில் வைத்து உழைக்கவில்லை. விலை, உத்தரவாதக் காலம், ஒலிக் கட்டுப்பாடு, மோசமான பெட்ரோல், எண்ணெய் மாற்ற மறக்கும் வாடிக்கையாளர் எல்லோருக்கும் சேர்த்துச் சமரசம் செய்தார்கள். மாஸ்டாவே 2004இல் இரண்டாம் தலைமுறை எம்.எக்ஸ்-5க்கு டர்போ பூட்டி, 178 குதிரைத்திறனோடு மாஸ்டாஸ்பீட் என்ற பெயரில் விற்றது. இறுகிய சஸ்பென்ஷனும் ஆறு கியரும் கூடவே வந்தன. இவ்வளவுதானா என்று அன்று சிலர் உதட்டைப் பிதுக்கினார்கள். உடம்பு எதைத் தாங்கும் என்று அறிந்தவர்கள் போட்ட எல்லை அது என்பதால், எனக்கு அதன்மேல் மரியாதை அதிகம். மூலத்துக்கும் உரைக்கும் உள்ள உறவு நமக்குப் பழக்கமானது. பரிமேலழகர் பாடம் தேர்ந்தார், அதிகாரத்துக்குள் குறள்களின் வரிசையையும் தமக்குப் பட்டபடி அமைத்தார். படித்து முடித்தபின் மனதில் நிற்பது குறள்தான். மாற்றியமைத்த கார் அப்படி மூலத்தைத் துலக்கினால் நல்ல உரை. மூலத்தை மறைத்தால் வெறும் சத்தம்.

மறுப்பவர்களுக்கு வரலாற்றிலிருந்தும் பதில் இருக்கிறது. உலகம் கொண்டாடும் ஷெல்பி கோப்ராவே ஒரு மாற்றியமைத்த திறந்த கார்தான். 1959இல் லெ மான் பந்தயத்தை வென்ற அமெரிக்க ஓட்டுநர் காரல் ஷெல்பி, இதயக் கோளாறால் பந்தயத்தை விட்டவர். இங்கிலாந்தின் ஏ.சி. நிறுவனம் தன் ஏஸ் காருக்கு வாங்கிவந்த பிரிஸ்டல் எஞ்சின் நின்றுபோக இருந்த நேரத்தில், 1961இல் அந்த நிறுவனத்துக்கு எழுதி, ஃபோர்டின் புது வி8 எஞ்சினைப் போடலாம் என்றார். 1962இல் எஞ்சின் இல்லாமல் லாஸ் ஏஞ்சலஸ் வந்து இறங்கிய முதல் வண்டிக்குள் எஞ்சினைப் பொருத்த சில மணி நேரமே ஆயிற்று. அதை ஒழுங்கான காராக்கவோ வருடங்கள் பிடித்தன. டிஃபரன்ஷியலை வலுவானதாக மாற்றினார்கள். முதல் வண்டியில் உட்புறம் இருந்த பின் பிரேக்குகளைச் சக்கரத்துக்குக் கொண்டுபோனார்கள். பழைய பாணி ஸ்டீரிங்கை எடுத்துவிட்டு ரேக் அண்ட் பினியன் வைத்தார்கள். 1965இல் 7 லிட்டர் எஞ்சின் வந்தபோது உடம்பே புதிதாயிற்று: அடிச்சட்டக் குழாய்களின் விட்டம் 3 அங்குலத்திலிருந்து 4 ஆனது, குறுக்குப் பட்டை ஸ்பிரிங் போய்ச் சுருள் ஸ்பிரிங் வந்தது. ஏலக்கூடத்திலும் சுவரொட்டியிலும் புடைத்து நிற்கும் கோப்ரா இந்த 7 லிட்டர் 427தான். எனக்கோ 4.7 லிட்டர் 289 போதும். 271 குதிரைத்திறன், ஏஸின் மெலிந்த உடம்பு. மூல வடிவம் இன்னும் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் அது நின்றுவிடுகிறது.

அதே கோப்ரா இரண்டாவது மறுப்புக்கும் இடம் கொடுக்கிறது. வேகம்தான் வேண்டுமென்றால் கூரையை ஏன் எடுக்க வேண்டும்? லெ மானின் நீண்ட நேர்ச்சாலையில் திறந்த கோப்ரா காற்றோடு மல்லுக்கட்டித் தோற்றது. ஷெல்பியிடம் வேலை பார்த்த பீட்டர் பிராக் அதே அடிச்சட்டத்தின் மேல் மூடிய கூரையுள்ள டேட்டோனா கூப்பேயை வடிவமைத்தார். 1964இல் அது லெ மானில் ஜி.டி. பிரிவை வென்றது, மறு ஆண்டு அமெரிக்காவுக்கு ஜி.டி. உலகப் பட்டத்தையே கொண்டுவந்தது. வாதத்தை மறுக்க முடியாது. கடிகாரம் நீதிபதியானால் கூரை ஜெயிக்கும். ஆனால் பொதுச்சாலையில் யாரும் கடிகாரத்துக்கு ஓட்டுவதில்லை, ஓட்டவும் கூடாது. அங்கே வேகம் தன் அளவைவிடப் பெரிதாக உணரப்படுவது ஒரு வரம். மூடிய சொகுசுக் காரில் 150 தரும் கிளர்ச்சியைத் திறந்த கார் எழுபதிலேயே தருகிறது. அப்படியானால் சக்தியைக் கூட்டவே தேவையில்லையே என்று கேட்கலாம். பெரும்பாலும் தேவையில்லைதான். மேட்டில் ஏறும்போது, வளைவிலிருந்து வெளியே வரும்போது கியரை மாற்றாமல் இழுக்கும் அளவுக்கு இருந்தால் போதும். அதற்கு மேல் போனவற்றை நான் வேறு பார்வையில்தான் பார்க்க முடிகிறது. எம்.எக்ஸ்-5க்குள் கார்வெட்டின் 6.2 லிட்டர் வி8 எஞ்சினைப் பொருத்தும் பட்டறைகள் அமெரிக்காவில் உண்டு. கார்வெட்டில் 430 குதிரைத்திறன் தந்த அந்த அலுமினிய எஞ்சின் பருமனுக்கு ஏற்ற பாரம் இல்லாதது; ஆகவே வண்டியின் எடைச் சமநிலை அத்தனை கெடுவதில்லை. வேலைத்திறன் அபாரம். ஆனால் கியர்பாக்ஸ் வேறு, டிஃபரன்ஷியல் வேறு, அவற்றைப் பிணைத்த அலுமினியச் சட்டமும் போய்விட்டது. அதை எம்.எக்ஸ்-5 என்று அழைப்பது மரியாதைக்குத்தான்.

மூன்றாவது மறுப்பு பாதுகாப்பு. இதில் மாற்றியமைப்போரைவிட மறுப்போரின் பக்கமே நியாயம் அதிகம். சீட்டுக்குப் பின்னால் ரோல் பார் பூட்டினால் கார் புரண்டாலும் தலை தப்பும் என்பது சரி. ஆனால் அந்தக் கம்பி ஓட்டுநரின் தலைக்கு மேலே நிற்க வேண்டும், கடினமான நுரை உறை போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சாதாரண மோதலிலேயே அதுதான் தலையைத் தாக்கும். உயரமானவர்களுக்கு இந்தச் சின்னக் காரில் அந்த அளவு அமைவது கஷ்டம். உடம்பும் இறுகிவிடும் என்று விற்பவர்கள் சொல்வது முக்கால்வாசி விளம்பரம். போல்ட் போட்டுப் பூட்டிய கம்பியால் வரும் இறுக்கம் சொற்பம். ஜெர்மனியில் இப்படிச் செய்த மாற்றங்களைப் பரிசோதகரிடம் காட்டி வண்டியின் ஆவணத்தில் பதிய வேண்டும் என்ற விதி உண்டு. பட்டறைக்காரர்கள் அலுத்துக்கொண்டாலும் அது நல்ல விதி. அப்படிப்பட்ட ஆவணம் இல்லாத ஊரில் வாங்குகிறவர் பழைய பில்களைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம். டர்போவுக்கு ஒரு தொகை, சைலன்சருக்கு ஒரு தொகை, பெரிய சக்கரத்துக்கு ஒரு தொகை என்று மட்டும் இருந்தால் ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம். ஷாக் அப்சார்பர், பிரேக் பேட், ரேடியேட்டர், தரைச்சட்டம், டிஃபரன்ஷியல், கம்ப்யூட்டரை ஒத்திசைக்கத் திரும்பத் திரும்பப் போன கூலி என்று கட்டு தடித்திருந்தால், விலையைப் பற்றிப் பேச ஆரம்பிக்கலாம்.