முதுகில் சுமந்ததும் தலைக்கு ஊற்றியதும்

திருப்பூரிலிருந்து பல்லடம் செல்லும் சாலையில் உள்ள அருள்புரத்தில், சனிக்கிழமை மாலை சம்பளம் கைக்கு வந்தபின் பேருந்துக்காகப் பைகளுடன் காத்து நிற்போரைக் காணலாம். பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக் தைப்போரும் செக்கிங் பார்ப்போருமாகிய இவர்களுள் தென்மாவட்டத்தார் பலர். லைன் வீட்டின் ஒற்றை அறையில் பெற்றோருக்கு இடமில்லை. முதியோர் ஊரிலேயே இருந்துவிட்டனர். பிரியா கிருஷ்ணசாமி இயக்கிய 'பாரம்' என்னும் படத்தை இச்சூழலில் இருந்து பார்க்கும்போது, அது யாரோ சிலரின் கொடுமைக் கதையாகத் தோன்றவில்லை.

2018ஆம் ஆண்டிற்கான சிறந்த தமிழ்ப்படம் என்னும் தேசிய விருதைப் பெற்று, 2020இல் திரைக்கு வந்த படம் அது. நாடகத்துறையைச் சேர்ந்த ஆர். ராஜு ஏற்ற கருப்பசாமி, நகரத்தில் தங்கை வீட்டில் தங்கிக் காவலாளியாக உழைக்கும் முதியவர். விபத்தில் இடுப்பு முறிகிறது. அறுவை செய்தால் நடக்கலாம் என்கின்றனர். மகனோ தந்தையை ஊருக்கு எடுத்துச் செல்கிறான். சில நாள்களில் சாவுச் செய்தி வருகிறது. தங்கையின் மகன் ஐயுறுகிறான். விருதுநகர் மாவட்டத்தையொட்டி 2010இல் நாளேடுகள் விரிவாக எழுதிய 'தலைக்கூத்தல்' என்னும் வழக்கமே இங்குக் கருப்பொருள்.

இதைப் பார்த்தவர்க்கு ஜப்பானியரின் 'நராயாமா பாடல்' நினைவுக்கு வராமற் போகாது. ஷிசிரோ ஃபுகஸாவா 1956இல் எழுதிய கதையை 1958இல் கெய்சுகே கினோஷிதாவும், 1983இல் ஷோஹெய் இமாமுராவும் படமாக்கினர். பின்னது கான் விழாவின் தலையாய விருதைப் பெற்றது. எனினும் நம் மதிப்பில் முன்னதே உயர்ந்தது. உணவு பற்றாத மலையூரில், எழுபது வயதை எட்டியவரை மகன் முதுகில் சுமந்துபோய் மலையுச்சியில் விட்டுவர வேண்டும். அறுபத்தொன்பது வயது ஓரினுக்குப் பற்கள் உறுதியாக இருக்கின்றன. கிழவிக்கு முப்பத்து மூன்று பல் என்று பேரனே பாடி எள்ளுகிறான். அவள் கல்லில் மோதித் தன் பல்லைத் தானே உடைத்துக்கொள்கிறாள்.

அவளது இசைவைத் தியாகமென்று போற்றும் விமரிசனங்கள் உண்டு. அதை நாம் ஏற்க இயலாது. நல்ல பல் இருப்பதையே ஒரு மூதாட்டி நாணத்தக்க குற்றமாக எண்ணும்படி செய்துவிட்ட ஊரில், இசைவுக்கு என்ன பொருள்? போக மறுத்துக் கதறும் பக்கத்து வீட்டு மாத்தாவை அவன் மகன் கயிற்றால் கட்டி இழுத்துப்போய்ப் பள்ளத்தில் தள்ளுகிறான். படத்தின் உண்மையைச் சொல்பவன் அக்கிழவனே. ஓரினின் அமைதிக்குள் மறைந்திருப்பது அவனது கூக்குரல்தான். கினோஷிதா கபுகி நாடக மரபில், வெளிப்படையான அரங்க அமைப்பில் படத்தை எடுத்திருப்பது இங்குப் பொருந்துகிறது. வழக்கம் என்பது ஊர் கூடி நடத்தும் ஒரு கூத்து என்பதை அந்தச் சாயத்திரைகளே காட்டிவிடுகின்றன. இமாமுராவின் மெய்யான மலையும் பாம்பும் பறவையும் அதனை இயற்கையின் நியதிபோல ஆக்கிவிடும் அபாயம் உண்டு.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓரினின் மகன் தத்சுஹெய் தான் செய்வது இன்னதென்று அறிவான். தாயின் எடை அவன் முதுகில் இருக்கிறது. திரும்பிப் பார்க்கலாகாது என்பது விதி. பனி பொழியத் தொடங்கியதும் அவன் விதியை மீறித் தாயிடம் ஓடுகிறான். இத்தனைக்கும், அவ்வழக்கம் ஜப்பானில் பரவலாக நடந்ததென்பதற்கு உறுதியான சான்று இல்லை. பழங்கதை என்றே ஆய்வாளர் பலர் கருதுவர்.

நம் நாட்டு வழக்கமோ பழங்கதையன்று. அதற்கு மலையும் இல்லை. தலைக்கு ஊற்றுதல் என்பது தமிழில் எவ்வளவு இனிய சொல்! அம்மை இறங்கிய பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றுவர். நோய் தீர்ந்ததன் அடையாளம் அது. அச்சொல்லே இங்கு எண்ணெய்க் குளியலுக்கும் இளநீருக்கும் பின் வரும் சாவுக்குப் பெயராகிவிட்டது. பெரியவர் படும் துன்பத்தைப் பொறுக்கமாட்டாமல் செய்தோம் என்பர். உறவினர் வந்து பார்த்துப் போவர். கொன்றவர் என்று எவரும் இலர். 'பாரம்' இதைத் தொட்டிருக்கிறது. ஆனால் பிற்பகுதியில் துப்பறிதலும் செய்திச் சேனல் விவாதமுமாகப் படம் குரலை உயர்த்தும்போது, மகனின் முகத்தை நாம் இழந்துவிடுகிறோம். குற்றவாளி கிடைத்தபின் பார்வையாளர் நிம்மதியாக வீடு திரும்பலாம் அல்லவா? மதுமிதா இயக்கிய 'கே.டி. (எ) கருப்புதுரை' (2019) மற்றொரு வழியில் தப்பிக்கிறது: மு. ராமசாமியின் கிழவர் தம்மைக் கொல்லப் பேசுவதைக் கேட்டு வீட்டைவிட்டு ஓடிப்போய், ஒரு சிறுவனுடன் பிரியாணி தேடி ஊர் சுற்றுகிறார். இனிய படம்தான், ஆனால் வீட்டில் என்ன நடக்கிறதென்பதை அது மறந்துவிடுகிறது.

நம் வீடுகளில் இவ்வழக்கம் இல்லை, பெற்றோர் முதுமையுறும்போது சலிப்புச் சொல் ஒன்றும் கூடாதென்று திருமறை விலக்கியிருக்கிறது என்று நாம் அமைதி கொள்ளலாம். விலக்கப்பட்டது சாவன்று, சலிப்பு என்பதுதான் நம்மை உறுத்த வேண்டியது. யசுஜிரோ ஓசுவின் 'டோக்கியோ கதை' (1953) இச்சலிப்பையே முழுப்படமாக எடுத்தது. ஊரிலிருந்து வந்த தாய் தந்தையரைப் பார்க்கப் பிள்ளைகளுக்கு நேரமில்லை. செலவைப் பகிர்ந்துகொண்டு அத்தாமி என்னும் உல்லாச ஊருக்கு அனுப்பிவைக்கின்றனர். அங்கே இரவெல்லாம் கும்மாளம், முதியோருக்கு உறக்கமில்லை. யாரும் தீயவர் அல்லர். விடுதிக் கட்டணம் மட்டும் உரிய நேரத்தில் செலுத்தப்பட்டிருக்கிறது. பெற்றோர் பராமரிப்புக்கென 2007இல் இயற்றப்பட்ட நடுவண் சட்டம் மாதாந்திரத் தொகையைப் பெற்றுத்தர வல்லது. ஓசு காட்டும் குறையைத் தீர்க்க எச்சட்டமும் இல்லை.

பீஸ் ரேட்டில் தைப்பவர்க்கு ஊருக்குப் போகும் ஒவ்வொரு நாளும் கூலி இழப்பு. ஆதலின் பணம் போகிறது, தொலைபேசி போகிறது, ஆள் போவது அரிதாகிறது. இதைக் குற்றமென்று சொல்ல நமக்கு நாவெழவில்லை. குற்றமில்லை என்று சொல்லவும் மனம் ஒப்பவில்லை.

கினோஷிதாவின் படம் மலையில் முடிவதில்லை. பனி மூடிய ஓரினுக்குப் பின், இக்காலத்து இரயில் நிலையமொன்று திரையில் வருகிறது. பெயர்ப்பலகையில் 'ஓபாசுதே' என்று எழுதியிருக்கிறது. மூதாட்டியைக் கைவிடுதல் என்பது அதன் பொருள். நாகானோ மாநிலத்தில் அந்நிலையம் இன்றும் உண்டு. இரயில் அங்கு நின்று செல்கிறது.