தேய்மானக் கணக்குக்குத் தெரியாத 2050

நிலைத்தன்மை அறிக்கைகளுக்கு விருது வழங்கும் மேடைகள் பெருகிவிட்டன. அங்கெல்லாம் ஒலிப்பது ஒரே வாதம்தான்: சுற்றுச்சூழலையும் சமூகத்தையும் பற்றி ஒழுங்காக அறிக்கை தரும் நிறுவனத்தின் நிதி நிர்வாகமும் சீராக இருக்கும், முதலீட்டாளர் நம்புவார், கடன் மலிவாகக் கிடைக்கும், லாபம் கூடும். 2015-இல் ஏறக்குறைய 2,200 ஆய்வுகளைத் தொகுத்த ஃப்ரீடே, புஷ், பாசன் ஆகியோரின் கட்டுரையை இதற்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். நல்ல நடத்தையும் நல்ல நிதிநிலையும் பெரும்பாலும் முரண்படுவதில்லை என்பதே அக்கட்டுரையின் முடிவு. அறிக்கை எழுதினால் நிதி நிர்வாகம் திருந்திவிடும் என்று அது சொல்லவில்லை. லாபத்தில் ஓடும் நிறுவனத்துக்குத்தான் நல்ல அறிக்கை எழுத ஆளும் பணமும் இருக்கும் என்ற எளிய விளக்கத்தையும் அது தள்ளிவிடவில்லை.

இந்தியப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் பி.ஆர்.எஸ்.ஆர். (வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை) அறிக்கை முறையால் நன்மை உண்டு. பங்குச்சந்தையின் முதல் 1,000 நிறுவனங்களுக்கு 2022-23 நிதியாண்டு முதல் அது கட்டாயம். எரிசக்தி, தண்ணீர், கழிவு, பணியிட விபத்து, மொத்த ஊதியத்தில் பெண்களின் பங்கு என எல்லாம் ஒரே படிவத்தில் எண்களாக வருகின்றன. மரக்கன்று நடும் புகைப்படங்களோடு முடிந்துபோன பழைய அறிக்கைகளைவிட இது பல படி மேல். வாக்குறுதியைப் பணத்தோடு கட்டிய முயற்சிகளும் உண்டு. 2021-இல் அல்ட்ராடெக் சிமெண்ட் வெளியிட்ட 40 கோடி டாலர் கடன்பத்திரத்தில், உமிழ்வுக் குறைப்பு இலக்கை எட்டாவிட்டால் வட்டி 0.75 சதவீதம் ஏறும் என்ற நிபந்தனை இருக்கிறது. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அது விதிவிலக்கு.

என் ஆட்சேபம் பழையது. ஒவ்வோர் ஆண்டும் வலுத்தே வருகிறது. நிலைத்தன்மை அறிக்கையும் நிதிக் கணக்கும் ஒரே ஆண்டறிக்கைக்குள் இருந்தாலும் ஒன்றுக்கொன்று முகம் பார்ப்பதில்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 2050-க்குள் நிகர உமிழ்வைப் பூஜ்யமாக்குவதாக ஒரு நிறுவனம் அறிவிக்கிறது. அதே நிறுவனம் தன் ஆலைக்காக 2025-இல் 10,000 கோடி ரூபாயில் நிலக்கரி மின் நிலையம் ஒன்றை ஓட்டத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி அனல் மின் நிலையத்தின் ஆயுள் 40 ஆண்டு. எஞ்சிய மதிப்பை ஒதுக்கிவிட்டால் தேய்மானம் ஆண்டுக்கு 250 கோடி. கணக்கு முடிவது 2065-இல். வாக்குறுதி உண்மையானால் அந்த நிலையம் 25 ஆண்டுதான் ஓடும். அப்போது தேய்மானம் ஆண்டுக்கு 400 கோடி ஆக வேண்டும். லாபத்தில் ஆண்டுதோறும் 150 கோடி குறைய வேண்டும். புகையைப் பிடித்து அடைத்து ஓட்டுவோம் என்றால், அந்தச் செலவாவது முதலீட்டுத் திட்டத்தில் தெரிய வேண்டும். இரண்டும் இல்லையென்றால் 2050 வாக்குறுதியை நிதித்துறை நம்பவில்லை என்றுதான் பொருள். அட்டவணையிலிருந்து விலகி ஆயுளைக் குறைத்துக் காட்டவும் சட்டம் இடம் தருகிறது. தொழில்நுட்பக் காரணத்தைச் சொன்னால் போதும். எனவே சட்டத்தைக் காட்டித் தப்பிக்க வழியில்லை.

பி.ஆர்.எஸ்.ஆர். படிவத்தில் இரண்டு கணக்குகளும் சந்திக்கக்கூடிய ஒரு கட்டம் உண்டு. முக்கியமான இடர் ஒவ்வொன்றையும் எழுதி, அதன் நிதி விளைவு நேர்மறையா எதிர்மறையா என்று அங்கே குறிக்க வேண்டும். பல அறிக்கைகளில் தண்ணீர்ப் பற்றாக்குறைக்கு நேரே ‘எதிர்மறை’ என்ற ஒற்றைச் சொல்லோடு அந்தக் கட்டம் முடிந்துவிடுகிறது. 2019 ஜூனில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னதைப் பார்த்தோம். அப்படி ஒரு வாரம் ஓடினால் வருவாயில் எவ்வளவு போகும், டேங்கர் தண்ணீருக்கு எவ்வளவு ஆகும் என்று எந்த நிதி மேலாளராலும் ஒரு நாளில் கணக்கிட்டுச் சொல்ல முடியும். யாரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

பணத்தைத் தொடும் அளவீடுகளும் பணத்தாலேயே குழம்புகின்றன. ஒரு ரூபாய் விற்பனைக்கு எவ்வளவு உமிழ்வு என்ற விகிதத்தைப் பாருங்கள். சரக்கு விலை 10 சதவீதம் ஏறி, உற்பத்தியும் புகையும் அப்படியே இருந்தால், விகிதம் 9 சதவீதம் குறையும். புகைபோக்கியில் எதுவும் மாறவில்லை; அறிக்கையில் முன்னேற்றம்!

தணிக்கைச் சான்று வந்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்பது அடுத்த சமாதானம். பிரேசிலின் வேல் சுரங்க நிறுவனத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். தன் சுரங்கக் கழிவு அணைகள் அனைத்தும் உறுதியானவை எனச் சான்று பெற்றிருப்பதாக அதன் நிலைத்தன்மை அறிக்கை முதலீட்டாளருக்குச் சொன்னது. 2019 ஜனவரி 25 அன்று புருமாஜின்யோவில் அணை உடைந்து 270 பேர் மாண்டார்கள். அந்த அணைக்கும் வெளி நிறுவனமொன்றின் சான்று இருந்தது. அதே வகை அணைகளைக் கலைக்கும் செலவுக்குப் பெருந்தொகை கணக்கில் ஒதுக்கப்பட்டது அந்தச் சாவுகளுக்குப் பிறகே. நிலைத்தன்மை அறிக்கைகளால் முதலீட்டாளரை ஏமாற்றியதாக அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் தொடுத்த வழக்கை 2023-இல் 5.59 கோடி டாலர் தந்து வேல் முடித்துக்கொண்டது. அறிக்கையில் இருக்கும் எண்ணுக்குச் சான்று தரலாம். நிதிக் கணக்கில் எழுதாமல் விட்ட கடனுக்கு யார் சான்று தருவது?

நிறுவனங்களால் முடியாததல்ல இது. 2020 பிப்ரவரியில் நிகர பூஜ்ய இலக்கை அறிவித்த பி.பி. எண்ணெய் நிறுவனம், ஜூனில் எண்ணெயின் எதிர்கால விலைக் கணிப்பைக் குறைத்து, 1,300 முதல் 1,750 கோடி டாலர் வரை சொத்து மதிப்பைக் குறைக்கப்போவதாகச் சொன்னது. பெருந்தொற்று அதற்கு ஒரு காரணம். ஆற்றல் மாற்றம் வேகப்படும் என்ற கணிப்பும் ஒரு காரணம். பின்னாளில் அந்த நிறுவனம் இலக்குகளைத் தளர்த்தியது உண்மை. ஆனால் வாக்குறுதியைக் கணக்கேட்டில் ஏற்ற முடியும் என்பது அன்றே நிரூபணமாகிவிட்டது.

2023-இல் வந்த ஐ.எஃப்.ஆர்.எஸ். எஸ்1 என்ற சர்வதேச நிலைத்தன்மை அறிக்கைத் தரநிலை, நிலைத்தன்மை அறிக்கை, நிதி அறிக்கை இரண்டின் அனுமானங்களும் இயன்றவரை ஒத்துப்போக வேண்டும் என்கிறது. செபி இதைக் கட்டாயமாக்க வேண்டும். காலநிலை இலக்கை அறிவிக்கும் ஒவ்வொரு நிறுவனமும், அந்த இலக்கால் எந்தச் சொத்தின் ஆயுள் எவ்வளவு குறைகிறது, எவ்வளவு ஒதுக்கீடு தேவை, அடுத்த 5 ஆண்டு முதலீட்டில் எத்தனை கோடி அதற்குப் போகிறது என்பதை நிதிக் கணக்கின் குறிப்பிலேயே எழுதி, நிதித் தலைவரின் கையெழுத்தோடு தர வேண்டும். மாற்றம் எதுவும் இல்லையென்றால், ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திடட்டும். அதைச் செய்யும் வரை எந்த அறிக்கைக்கும் விருது தரக் கூடாது.